பதினெட்டுக்குப் பிறகு

"குழந்தைக்கு என்ன வயசு?" என்பதுதான் முதல் கேள்வி. தஞ்சாவூராக இருந்தாலும் சரி, திருச்சியாக இருந்தாலும் சரி, ஆட்டிசம் என்ற வார்த்தையைச் சொல்லி நீங்கள் வாயை மூடுவதற்குள் இந்தக் கேள்வி வந்து நிற்கும். "இருபத்து மூன்று" என்று பதில் சொல்லிப் பாருங்கள். டெலிபோனின் மறுமுனையில் ஒரு மௌனம் விழும். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கிற மாதிரி நீங்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த வருஷம் ஒரு சிநேகிதருடைய மகனுக்காக நான் ஏழெட்டு இடங்களுக்கு டெலிபோன் செய்தேன். பெயர்கள் வேண்டாம், தனி மனிதர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஓரிடத்தில் 12 வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்றார்கள். ஓரிடத்தில், "பெரிய பையன்கள் அடிச்சுடுவாங்க சார், எங்ககிட்ட இருக்கிறதெல்லாம் பொம்பளைப் பிள்ளைங்க" என்றார்கள். இவன் யாரையும் அடித்ததில்லை, அடி வாங்கியிருக்கிறான். இன்னோரிடத்தில் ஓர் அம்மாள் மிகுந்த பரிவோடு, "அவங்க அம்மாவை வரச் சொல்லுங்க, கவுன்சலிங் கொடுக்கிறோம்" என்றார். "அம்மாவுக்கு ஒன்றும் இல்லையே" என்றேன். "எப்படி ஏத்துக்கிறதுன்னு சொல்லிக் கொடுப்போம்" என்றார். கடைசியாகப் பேசியவர்தான் நேரே விஷயத்துக்கு வந்தார். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதைப் பண்ணி வையுங்க முதல்ல" என்று வைத்துவிட்டார்.

பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் ஒரு கிராமம். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷத்துப் படிப்பை நாலரை வருஷத்தில் முடித்தான். எழுதச் சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குவான். எதிரே நிற்க வைத்துக் கேள்வி கேட்டால் வாய் அடைத்துப் போகும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறும். ஒரு அறையில் எட்டுப் பேர். சாப்பாட்டுக் கூடத்தில் முந்நூறு எவர்சில்வர் தட்டுகளின் சத்தம். சூப்பர்வைசர் எதையும் உரக்கத்தான் சொல்வாராம், அதுவும் பாதிதான் சொல்வாராம். மூன்றாவது மாதம் ஒரு நாள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவன் ஐந்து மணி நேரம் வெளியே வரவில்லை. கதவை உடைத்து எடுத்து, மறுநாள் ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள்.

பிறகு சென்னையில் ஒரு மனநல வைத்தியரிடம் போனார்கள். அவர் இரண்டு நாள் உட்கார வைத்துப் பார்த்து, அம்மாவிடம் பிறந்தது முதல் நடந்ததையெல்லாம் கேட்டு, இது ஆட்டிசம் என்றார். வியாதி இல்லை, மருந்தும் இல்லை. பிறவியிலேயே மூளை வேறு மாதிரி அமைந்திருக்கிறது. மற்றவர்கள் கண்ணாலும் புருவத்தாலும் பேசிக்கொள்வது இவனுக்குத் தானாகப் படியாது, பாடம் படிக்கிற மாதிரி கற்றுக்கொள்ள வேண்டும். சத்தமும் வெளிச்சமும் தொடுகையும் நமக்கு வருகிற அளவில் வராது, பல மடங்காக வந்து மேலே விழும். சொல்லாமல் மாறுகிற எதுவும் தரையை உருவின மாதிரி இருக்கும். இதே ஆட்டிசத்தில் பேச்சே வராதவர்களும் உண்டு, வாழ்நாள் முழுவதும் ஒருவர் கூடவே இருக்க வேண்டியவர்களும் உண்டு. இவனைப் போலப் படித்துப் பாஸ் செய்கிறவர்களும் உண்டு.

22 வருஷமாகத் திமிர் பிடித்தவன், அழுத்தக்காரன், மசமசப்பு என்று கேட்டுக் கேட்டுப் பழகினவன் இதைக் கேட்டதும் சிரித்தானாம். ஊருக்கு வந்து என்னிடம் கேட்டான்: "சித்தப்பா, பேர் தெரிஞ்சு போச்சு. இனிமே நான் யாரைப் போய்ப் பாக்கணும்?"

நியாயமான கேள்வி. காய்ச்சல் என்றால் யாரைப் பார்ப்பது என்று தெரிகிறது. பல்வலி என்றால் தெரிகிறது. பட்டாவில் பெயர் தப்பாக இருந்தால்கூட யாரைப் பார்ப்பது, எவ்வளவு கொடுப்பது என்று தெரிந்து வைத்திருக்கிறோம். இவனுக்கு மட்டும் பதில் இல்லை.

பெயர் தெரிந்து போச்சு என்கிறானே, அந்தப் பெயரைத்தான் பாருங்களேன். தமிழில் இதற்கு இரண்டு மூன்று பெயர்கள் கட்டியிருக்கிறார்கள். மதியிறுக்கம் என்று ஒன்று. மதி இறுகிப் போய்விட்டதாம், மழையில் நனைந்த சிமெண்டு மூட்டை மாதிரி. சர்க்கார் காகிதங்களில் 'புற உலகச் சிந்தனையற்றவர்' என்று எழுதுகிறார்கள். வார்த்தைகளை விற்றுப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. புற உலகம் ஒரு சல்லடையும் இல்லாமல் மொத்தமாக உள்ளே வந்து கொட்டுவதால்தான் இவன் காதைப் பொத்திக்கொள்கிறான். கல்யாண வீட்டில் கெட்டிமேளம் கொட்டும்போது நீங்களும் நானும் அட்சதை போடுகிறோம். இவனுக்கு அது கன்னத்தில் அறை விழுகிற மாதிரி. அவனைப் போய்ப் புற உலகச் சிந்தனை இல்லாதவன் என்கிறோம். அவன் இருப்பதைப் பற்றிச் சிந்தனையே இல்லாமல் ஆடி மாதம் முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி கட்டுகிறோமே, நமக்கு என்ன பெயர்? ஆட்டிசம் என்ற பரதேசிச் சொல்லே தேவலை. 1911இல் பிளாய்லர் என்ற ஸ்விட்ஜர்லாந்து வைத்தியர் வேறொரு மனநோயின் அடையாளத்துக்காக, 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து செய்த பெயர் அது. அதிலும் தப்பு உண்டு. ஆனால் தமிழன் காதுக்கு அதில் அர்த்தம் எதுவும் கேட்காது; அந்த மட்டும் லாபம்.

இன்று நாம் சொல்கிற பொருளில் அந்தச் சொல்லை நிலைநிறுத்தியவர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் இருந்த லியோ கானர். 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். முதல் குழந்தை மிசிசிப்பி மாகாணத்தில் பாரஸ்ட் என்ற சிறிய ஊரைச் சேர்ந்த டொனால்டு டிரிப்லெட். 1938இல் கானர் அவனைப் பார்த்தபோது வயசு 5. அந்த டொனால்டு 2023இல்தான் காலமானார், 89 வயதில். அதாவது வைத்தியர் பார்த்தது ஐந்து வயசுக் குழந்தையை. அதற்கப்புறம் மனுஷன் 84 வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறார். கல்லூரியில் பட்டம் வாங்கினார், பாங்கில் வேலை செய்தார், கார் ஓட்டினார், கோல்ப் ஆடினார், தனியாக ஊர் ஊராக, தேசம் தேசமாகப் பிரயாணம் செய்தார். ஆட்டிசம் போய்விடவில்லை. அது பாட்டுக்கு இருந்தது.

இந்த டொனால்டின் கதையில் நம் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பத்து வயசு வாக்கில் அவனை ஒரு குடியானவத் தம்பதியிடம் சில வருஷம் விட்டு வைத்தார்கள். பையனுக்கு எதைப் பார்த்தாலும் எண்ண வேண்டும், அளக்க வேண்டும். சோளக் கொல்லையில் வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தான். அந்தத் தம்பதி அவனைத் தடுக்கவில்லை, அடிக்கவில்லை. ஏரைக் கையில் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணு என்றார்கள். அளக்கிற ஆசைக்கு ஒரு கிணறு வெட்டச் சொல்லி, ஆழம் எவ்வளவு என்று வந்து சொல்லச் சொன்னார்கள். கானர் போய்ப் பார்த்தபோது பையன் குதிரையும் ஏருமாக நீள நீளமாக ஆறு வரிசை உழுது காட்டினானாம். 1971இல், 28 வருஷம் கழித்து, அந்த 11 பேரும் என்ன ஆனார்கள் என்று கானர் தேடிப் பார்த்து எழுதினார். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கொண்டுபோய் அடைக்கப்பட்டவர்கள் அங்கேயே உலர்ந்து போயிருந்தார்கள். ஊருக்குள் இடம் கிடைத்தவன் ஊரில் ஒருவனாக இருந்தான். ஆரம்பத்தில் 11 பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்த குழந்தைகள்தான்.

இங்கே ஒரு விஷயத்தை மறைத்தால் நான் யோக்கியன் இல்லை. டொனால்டு வேலை செய்த பாங்கு, அவன் குடும்பத்துக்குச் சொந்தமான பாங்கு. நம் ஊர்க் கணக்கில் பெரிய மிராசு வீட்டுப் பிள்ளை. அவனை யாரும் குளியலறைக் கதவை உடைத்து ரயிலேற்றி அனுப்ப முடியாது. இந்த ஆதரவு மிராசு வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் உண்டு என்றால் அதற்கு ஒரு சட்டமும் சர்க்காரும் எதற்கு என்பதுதான் என் வழக்கு.

"இதெல்லாம் இப்போது வந்த பேஷன். அந்தக் காலத்தில் ஆட்டிசம் ஏது? நம்ம ஊர்லே, கூட்டுக் குடும்பத்திலே, இப்படி நாலு பேர் இருந்தான், கோயில்லே பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டான், யாருக்கும் பாரமில்லாமல் காலம் தள்ளினான்" என்று சொல்கிற பெரியவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. கும்பகோணத்தில் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தால் இந்தப் பேச்சு தானாக வரும். காவேரியைப் பற்றிப் பேசுகிற அதே குரலில், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பேசுவார்கள். நாவல்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஊருக்கு ஒரு அசடு, தேருக்கு ஒரு முட்டுக்கட்டை மாதிரி, கதைக்குக் கதை ஒருத்தனை வைத்து அழகு பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் சொல்லமாட்டேன். ஊரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏய்' என்றுதான் கூப்பிடும். அறுவடை நாளில் களத்தில் மூட்டை எண்ணுவது அவர் வேலை. இருநூறு மூட்டை வண்டியேறினாலும் ஒன்று தப்பாது. கூலி என்ன தெரியுமா? சாப்பாடு, அதுவும் பந்தி எழுந்த பிறகு. பையன்கள் அவர் காதுக்குப் பக்கத்தில் தகரத்தைத் தட்டுவார்கள், அவர் அலறுவதைப் பார்ப்பதற்காக. பெரியவர்களும் சிரிப்பார்கள். அம்மா போன பிறகு அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பாகம் பிரித்தார்கள். அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அதை அவர்களே 'பார்த்துக்கொண்டார்கள்'. அவரை மாச முறை வைத்துச் சோறு போட்டார்கள். பிறகு கதிர் அறுக்கிற மிஷின் வந்தது, வியாபாரியின் லாரி வந்தது, எடை மேடை வந்தது. மூட்டை எண்ண ஆள் வேண்டாமென்று ஆயிற்று. ஒரு ஐப்பசி மாதத்தில் அவர் வெண்ணாற்றுக் கரையோடு நடந்து போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். யாரும் தேடிப் போகவில்லை. அவருக்கு இருந்தது ஆட்டிசம்தானா என்று இப்போது யார் சொல்வது? நான் வைத்தியன் இல்லை. ஆனால் கூட்டுக் குடும்பத்தின் அரவணைப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு அந்தத் தகரச் சத்தம்தான் கேட்கிறது.

ஆற்றங்கரையோடு போகாதவர்களைக் கோயிலிலும் தர்காவிலும் கொண்டுபோய் விட்டார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்து எரிந்தது. சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். மனநோயாளிகள் என்று எல்லாரையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டோம். அந்தக் கொட்டகையில் யார் யார் இருந்தார்கள், யாருக்கு என்ன இருந்தது என்று தனித்தனியாகப் பார்க்க அதற்கு முன்னால் யாருக்குப் பொழுதிருந்தது?

நான் கோயிலைக் குற்றம் சொல்லவில்லை. சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்காவில் அம்பாளுக்கு ஓசை கொடுத்த நாயகி என்று பெயர். பேச்சு வராத பிள்ளைகளைப் பெற்றவர்கள் வெகு தூரத்திலிருந்து அங்கே வருகிறார்கள். மனசு பேதலித்தவர்களைத் திருவிடைமருதூருக்கு அழைத்துப் போகிறார்கள். ஒரு வாசலில் நுழைந்து வேறு வாசல் வழியே வெளியே வர வேண்டும், பிடித்தது அங்கேயே நின்றுவிடும் என்று நம்பிக்கை. போகட்டும், வேண்டிக்கொள்ளட்டும். கோயிலிடம் ஒரு மரியாதை இருக்கிறது. அங்கே யாரும் வாசலில் நிறுத்தி வயசு கேட்பதில்லை.

சர்க்கார் கேட்கிறது. 1995ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஊனங்கள் ஏழு; ஆட்டிசம் அதில் இல்லை. 1999இல் நேஷனல் டிரஸ்ட் சட்டம் வந்தது. அதன் பெயரிலேயே ஆட்டிசம் இடம் பெற்றது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் நடையாய் நடந்ததற்கு அதில் பங்குண்டு. டில்லியில் மெர்ரி பரூவா என்ற தாயார் 1991இலேயே இதற்கென்று ஓர் அமைப்பை ஆரம்பித்திருந்தார். 2016இல் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தபோது ஏழு என்பது 21 ஆயிற்று. ஆட்டிசம் முறையாக உள்ளே வந்தது. சந்தோஷம். உள்ளே வந்தவனை எங்கே உட்கார வைத்தார்கள் என்று பாருங்கள்.

இலவசப் படிப்பு 6 வயதிலிருந்து 18 வரை. 2013இல் ஆரம்பித்த குழந்தைகள் நலத் திட்டம், மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பகால சிகிச்சை மையம் என்று ஏற்பாடு செய்த திட்டம், அதுவும் பிறந்தது முதல் 18 வரை. 18 ஆன அன்றைக்கு என்ன ஆகிறது? நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுத்து அவனுக்கு ஒரு கார்டியனை நியமித்துக்கொள்ளலாம். ஓட்டுப் போடுகிற வயசு வந்த அன்றைக்கு, அவன் சார்பில் கையெழுத்துப் போட வேறொருவர். தேவையானவர்களுக்குக் கார்டியன் வேண்டியதுதான், மறுக்கவில்லை. 2016ஆம் வருஷத்துச் சட்டம், அவனையும் கலந்துகொண்டுதான் முடிவு செய்ய வேண்டும் என்று அந்தக் கார்டியனுக்கே எல்லை போட்டும் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த பையனுக்கு ஆபீசில் முதலில் நீட்டப்பட்ட காகிதம் அதுதான். அவன் வேலை கேட்டுப் போனான்.

சர்டிபிகேட் வாங்கப் போனாலும் இதே கதை. இதற்கென்று நம் தேசத்திலேயே தயாரித்த ஒரு அளவுகோல் இருக்கிறது. 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க்கு. மொத்தம் 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை. அதில் ஒன்று, தனியாக, ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப விளையாடுகிறானா என்பது. தினம் சவரம் செய்துகொள்கிற, மூன்று மாதம் சம்பளம் வாங்கின மனுஷனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவன் அம்மாவைப் பார்த்து இதைக் கேட்கிறார்கள். அந்த அம்மாள் என்ன சொல்வாள்?

உத்தியோகத்தில் இட ஒதுக்கீடு உண்டே என்பீர்கள். உண்டு. சர்க்கார் வேலையில் 100க்கு 4. கண் பார்வை இல்லாதவர்களுக்கு ஒன்று, காது கேளாதவர்களுக்கு ஒன்று, கை கால் ஊனமுற்றவர்களுக்கு ஒன்று. பாக்கி ஒன்றை ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல ஊனம் சேர்ந்தவர்கள் என்று ஐந்து வகைக்காரர்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே இலை, ஐந்து பந்திக்காரர்கள். அந்த இலையில் உட்காருவதற்குக்கூடச் சில வேலைகளில் நேர்முகத் தேர்வு என்கிற வாசலைத் தாண்ட வேண்டும். அங்கே என்ன பார்க்கிறார்கள்? கண்ணைப் பார்த்துப் பேசுகிறானா, சிரித்த முகமாக இருக்கிறானா என்று. எது வராது என்று ஒரு ஆபீசில் சர்டிபிகேட் கொடுத்தார்களோ, அதையே அடுத்த ஆபீசில் பரீட்சை வைக்கிறார்கள்.

"குழந்தைகளுக்கே போதுமான ஆள் இல்லை, பெரியவர்களுக்கு எங்கே போவது?" என்று ஓர் அதிகாரி என்னிடம் மனசு விட்டுக் கேட்டார். நல்ல மனுஷர். ஆனால் இது என்ன நியாயம்? குழந்தை குழந்தையாக இருக்கிறது 18 வருஷம். பெரியவனாக இருக்கப்போவது 50, 60 வருஷம். நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, நடவு ஆனவுடன் மடையை அடைத்துவிடுகிற குடியானவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றாவது எண்ணினோமா? 2011 ஜனத்தொகைக் கணக்கில் ஆட்டிசத்துக்கென்று தனிக் கட்டமே இல்லை. 2018இல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்று ஐந்து இடங்களில் வீடு வீடாகப் போனது. அவர்கள் பார்த்ததும் 2 வயதிலிருந்து 9 வயது வரை உள்ள குழந்தைகளைத்தான். உலகச் சுகாதார நிறுவனம் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் என்கிறது. 2011இல் தஞ்சாவூர் மாவட்டத்து ஜனத்தொகை 24 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். வகுத்துப் பாருங்கள், 19,000 பக்கம் வருகிறது. பாதிப்பேர்தான் பெரியவர்கள் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 9,000க்குக் குறையாது. எங்கே அவர்கள்?

இங்கிலாந்தில் இதே கேள்வியைக் கேட்டார்கள். பெரியவர்களை வீடு வீடாகப் பார்த்து 2011இல் கணக்கை வெளியிட்டார்கள். 100க்கு ஒருவர் என்று தெரிந்தது. அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஒருவருக்குக்கூடத் தனக்கு ஆட்டிசம் இருப்பது அதற்கு முன் தெரியாது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2009இல், அந்த தேசத்தில் ஆட்டிசத்துக்கென்று தனிச் சட்டமே போட்டிருந்தார்கள். அது எடுத்துக்கொண்டது பெரியவர்களின் விஷயத்தை. அங்கே எல்லாம் பொன்னாய் விளைகிறது என்று நான் சொல்லவில்லை. சட்டம் எழுதுகிறவர்களுக்கு 18க்குப் பிறகும் மனுஷன் இருப்பான் என்று தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

நம் சினிமாக்காரர்களுக்கும் தோன்றவில்லை. 2013இல் 'ஹரிதாஸ்' என்று ஒரு படம் வந்தது. பாகவதர் ஹரிதாஸ் இல்லை, இது வேறு. ஆட்டிசம் உள்ள பையனும் அவன் தகப்பனாரும். பார்க்க வேண்டிய படம்தான், நான் கண் கலங்கினேன். அதிலும் குழந்தைதான். பெரியவனைக் காட்ட வேண்டுமென்றால் ஹாலிவுட்காரர்களின் 1988ஆம் வருஷத்து 'ரெயின் மேன்' மாதிரி அபூர்வ மேதையாகக் காட்ட வேண்டும் போலிருக்கிறது. சீட்டுக்கட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு ஒப்பிக்க வேண்டும். அப்படி ஒப்பிக்கிறவர்கள் வெகு சிலர். மற்றவர்கள் மேதைகளும் இல்லை, அசடுகளும் இல்லை. வாடகை கொடுக்க வேண்டியவர்கள்.

பெண்ணாக இருந்தால் இன்னும் சிக்கல். நம் ஊரில் பெண் பேசாமல் இருந்தால் அடக்கம், கண்ணை ஏறிட்டுப் பார்க்காவிட்டால் லட்சணம், தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரே கோலத்தை நூறு தடவை போட்டால் பொறுமை. அடையாளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாராட்டு வைத்திருக்கிறோம். ஆகையால் யாரும் வைத்தியரிடம் அழைத்துப் போவதில்லை. 21 வயசில் ஜாதகத்தை எடுத்துவிடுவார்கள். மாமியார், நாத்தனார், ஓரகத்தி, விருந்தாளி என்று நாள் முழுவதும் சத்தமும் மறைமுகப் பேச்சுமாக இருக்கிற ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஆறு மாதத்தில் அவள் வாழாவெட்டியாகத் திரும்பி வந்தால் ஜாதகம் பார்த்தவரைத் திட்டுவார்கள்.

பிள்ளைகளுக்கும் இதே வைத்தியம்தான் சொல்கிறார்கள். ஒரு கால் கட்டைப் போட்டால் சரியாகிவிடும். இந்த வாக்கியத்தைச் சொல்கிறவர்களைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கச் சட்டம் இருந்தால் தேவலை. ஆட்டிசம் உள்ளவன் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று யார் சொன்னது? தெரிந்து, சொல்லி, இரண்டு பேரும் சம்மதித்துச் செய்துகொண்டால் அது அவர்கள் சமாசாரம். சொல்லாமல் செய்வது மோசடி. எங்கிருந்தோ வருகிற ஒரு பெண்ணை, எழுபது வயசாகிற தாய் தகப்பனாருக்குப் பிறகு சம்பளமில்லாத கார்டியனாக நியமிக்கிற தந்திரம் அது. கலெக்டர் ஆபீசுக்குப் போனாலாவது மூன்று பேர் உட்கார்ந்து யோசிப்பார்கள்.

"எங்களுக்குப் பிறகு யார்?" என்று என் சிநேகிதர் கேட்கிறார். பெற்றவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதான். நான் அவரிடம் சொல்வது இது: "உனக்கு 54 வயசு. பிறகு என்பது இன்னும் 25 வருஷம் கழித்து. இப்போது என்ன?" இப்போது அவன் வீட்டுத் திண்ணையில் இருக்கிறான். யாராவது வந்தால் உள்ளே போகச் சொல்கிறார்கள்.

அவனுக்கு என்ன தெரியும்? தண்ணீர் தெரியும். குடமுருட்டிப் படித்துறையில் எத்தனையாவது படியில் தண்ணீர் நிற்கிறது என்று ஒன்பது வருஷமாக நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறான், தினம் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. மேட்டூர் திறந்தால் கல்லணைக்கு என்றைக்கு வந்தது, அங்கிருந்து இந்தப் படித்துறைக்கு என்றைக்கு வந்தது, ஜூன் 12இல் திறக்காத வருஷங்களில் என்ன ஆயிற்று, எந்த மதகில் ஷட்டர் துருப்பிடித்து நிற்கிறது, எல்லாம் அதில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் இருந்த மூன்று மாதத்துக்குப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. அந்த நாட்களில் அவன் அம்மா தினம் போய்ப் பார்த்துக் குறித்து வைத்திருந்தாள், பிள்ளை வந்ததும் கொடுக்கலாம் என்று. அவன் வாங்கிக்கொள்ளவில்லை. "அம்மா பார்த்தது காலம்பர. நான் பார்க்கிறது சாயங்காலம். ரெண்டும் சேராது" என்று சொல்லிவிட்டான். ஆற்றுப் பாசனத்தில் லஸ்கர்கள் வேலையே இதுதானே! கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17க்கு மேல் போகிறதா என்று பார்த்துச் சிட்டை எழுதுகிறவனுக்கு வேண்டிய குணமும் இதுதான். இவன் கையில் எதைக் கொடுத்தாலும் ஒரு மூட்டையைக்கூட 'அட்ஜஸ்ட்' செய்ய முடியாது. ஒருவேளை அதுதான் இடைஞ்சலோ என்னவோ.

என்ன வேண்டும் என்று அவனையே கேட்டேன். அவசரப்படவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொன்னான். வேலையை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். ஷிப்டு மாறக்கூடாது, மாறினால் ஒரு வாரம் முன்னால் சொல்ல வேண்டும். காதில் மாட்டிக்கொள்ள அனுமதி வேண்டும். தேர்வில் கேள்வியைக் காகிதத்தில் கொடுத்தால் காகிதத்தில் பதில் சொல்வான். இவ்வளவுதான். 2016ஆம் வருஷத்துச் சட்டம் இப்படிப்பட்டதைத்தான் நியாயமான வசதி என்கிறது, அதை மறுப்பதும் பாகுபாடு காட்டுவதே என்கிறது. ஒரு பல்புக்கு ஆகிற செலவு இதில் எதற்கும் ஆகாது.

பிறகு இன்னொன்றும் சொன்னான், "என்னை மாதிரி இருக்கிறவங்களைப் பாக்கணும்" என்று. அதற்கு நானே ஒரு வழி செய்தேன். மன்னார்குடிப் பக்கத்தில் 26 வயசுப் பையன் ஒருவன் இருப்பதாகத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் என் வீட்டு மாடியில் உட்கார வைத்தேன். மூன்று மணி நேரம் இருந்தார்கள். நான் கீழேயிருந்து கேட்ட மட்டில் பத்து வாக்கியம் பேசியிருப்பார்கள். இறங்கி வரும்போது இவன் முகம் களைத்திருந்தது. "இன்னைக்கு நிறையப் பேசிட்டேன் சித்தப்பா" என்றான். அடுத்த மாதம் எந்தத் தேதி என்று அந்தப் பையன் வாசலிலேயே கேட்டுக் குறித்துக்கொண்டு போனான்.

இதைத்தான் மாவட்டத்துக்கு ஒரு இடத்தில், மாதம் ஒரு நாள், மைக்கும் பொன்னாடையும் இல்லாமல் செய்யுங்கள் என்று கேட்கிறோம். 18 வயதைத் தாண்டியவர்களைப் பார்க்கத் தெரிந்த ஒரு வைத்தியர், வேலைக்குச் சேர்ந்த இடத்துக்கு முதல் மூன்று மாதம் வந்து போய் இரு தரப்பையும் பழக்கிக் கொடுக்க ஒரு ஆள், எதற்கும் கூப்பிடலாம் என்று ஒரு டெலிபோன் நம்பர். கலெக்டரிடம் கொடுக்க மனு தயாராகிவிட்டது. முதலில் தகப்பனார் எழுதினார். 'ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்ட என் மகன்' என்று ஆரம்பித்து நாலு பக்கம், நிறையக் கண்ணீர். பையன் அதை வாங்கிப் படித்துவிட்டு, 'பாதிக்கப்பட்ட' என்பதை அடித்தான். பிறகு 'என் மகன்' என்பதை அடித்து 'நான்' என்று எழுதினான். பிறகு அதையும் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே பக்கத்தில் புதிதாக எழுதினான். கையெழுத்து அவனுடையது. படித்துறைக் கணக்கில் ஒரு மாதத்துப் பக்கத்தையும் நகல் எடுத்துச் சேர்த்திருக்கிறான்.

வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் போகிறோம். ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும் என்கிறான். பத்துக்கு மேல் கூட்டமும் ஒலிபெருக்கியும் வந்துவிடுமாம். சாயங்காலம் ஐந்தரைக்குள் திரும்பியும் ஆக வேண்டும்.